மூணாவது கதவை அவர் தெரிஞ்சு திறந்தாரா?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு டிவி போட்டியில மூணு கதவு இருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி பரிசு கார், மத்த ரெண்டுலயும் ஆடு. நீங்க முதல் கதவுன்னு சொல்றீங்க, நிகழ்ச்சி நடத்துறவர் மூணாவதைத் திறந்து ஆட்டைக் காட்டிட்டு, வேணும்னா ரெண்டாவதுக்கு மாறிக்கோங்கங்கிறார். மாறலாமா?

மிச்சம் ரெண்டு கதவுதானே, பாதிக்குப் பாதி, மாறினா என்ன மாறாட்டி என்னன்னுதான் நிறைய பேருக்குத் தோணும். 1990-ல அமெரிக்காவுல பரேட் பத்திரிகையில மேரிலின் வாஸ் சவான்ட் மாறுங்க, மாறினா மூணுல ரெண்டு வாய்ப்புன்னு எழுதினாங்க, சுமார் 10,000 கடிதம் வந்து குவிஞ்சுது, பெரும்பாலும் நீங்க தப்புன்னு, அதுல கிட்டத்தட்ட ஆயிரம் பேர் பிஎச்டி வாங்கினவங்க. பால் எர்டோஷ் மாதிரி கணித மேதையே கம்ப்யூட்டர்ல இந்த ஆட்டத்தைப் பல தடவை ஓட்டிக் காட்டின பிறகுதான் ஒத்துக்கிட்டாரு.

300 தடவை ஆடுறோம்னு வைங்க. சுமார் 100 தடவை முதல்லயே கார் கதவைச் சொல்லியிருப்பீங்க, 200 தடவை ஆட்டுக் கதவை. அந்த 200-லயும், கார் எங்கன்னு தெரிஞ்ச அவர் இன்னொரு ஆட்டைத்தான் திறந்தாகணும், அப்போ கார் மிச்சக் கதவுலதான். மாறினவருக்கு 200, மாறாதவருக்கு 100.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. அவருக்கு ஒண்ணும் தெரியாது, கால் இடறி விழுந்ததுல நீங்க சொல்லாத ரெண்டுல ஒரு கதவு திறந்து ஆடு தெரிஞ்சுதுன்னா? கண்ணுக்கு அதே காட்சிதான், ஆனா கணக்கு வேற. அந்த 200-ல 100 தடவை கதவு திறந்ததுமே கார் தெரிஞ்சு ஆட்டம் கெட்டுப்போயிருக்கும், மிச்ச ஆட்டங்கள்ல மாறினவருக்கு 100, மாறாதவருக்கு 100, நிஜமாவே பாதிக்குப் பாதி. எத்தனை கதவு மிச்சம்னு மட்டும் எண்ணுறோம், திறந்தவர் எதை வச்சுத் திறந்தார்னு யோசிக்கிறதே இல்ல, தப்பு அங்கதான் நடக்குது.

இந்த மாதிரி டிவி நிகழ்ச்சி நடத்தி, இந்தப் புதிருக்கே பேர் வாங்கிக் கொடுத்த மான்டி ஹால் 1991-ல நியூயார்க் டைம்ஸ் நிருபரோட இதை ஆடிக் காட்டினாரு. நிருபர் ஆட்டுக் கதவைச் சொன்னா உடனே அதையே திறந்துடுவாரு, கார் கதவைச் சொன்னா மட்டும் மாறிக்கிறீங்களான்னு ஆசை காட்டுவாரு, அந்த ஆட்டத்துல மாறினவர் ஒவ்வொரு தடவையும் தோப்பாரு. அதனால யாராவது இந்தப் புதிரைப் போட்டா, நடத்துறவருக்கு கார் எங்கன்னு தெரியுமா, எப்பவும் ஆட்டைத்தான் திறப்பாரா, மாறுற வாய்ப்பை எல்லாருக்கும் தருவாரா, இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறம் விடை சொல்லுங்க.