சாதுவாகத் தெரியும் ஒரு கருப்பை வாய்ப் புற்றுநோய்

[காட்சி: புதுச்சேரி. நோயியல் ஆய்வகத்தில் திசு வெட்டும் மேசை]

வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றதும் பாலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸ்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அந்த வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத அபூர்வமான ஒன்று இருக்கிறது: இரைப்பை வகை அடினோகார்சினோமா, அதாவது இரைப்பைச் சுரப்பி போன்ற செல்களைக் கொண்ட சுரப்பிப் புற்று. அதில் மிகச் சாதுவாகத் தெரியும் வடிவத்துக்கு 'அடினோமா மாலிக்னம்' என்று பெயர். 1870-லேயே குசெரோ என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்துவிட்டார்.

கடலூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் அக்கா ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: "தண்ணியா ஊத்துதுங்க டாக்டர், துணி மாத்தி மாளல." வெறும் வெள்ளைப்படுதல் என்று தள்ளிவிடக்கூடாத பேச்சு இது; இந்தப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

[காட்சி: ஃபார்மலினில் இருந்து எடுத்த கருப்பை]

வெளியிலிருந்து பார்த்தால் கருப்பை வாயின் மேல்பரப்பு வழுவழுவென்று, புண் எதுவும் இல்லாமல் இருக்கலாம். தொட்டுப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். நடுவில் உப்பிப் பீப்பாய் போல இருப்பதும் உண்டு. குறுக்கே வெட்டினால் சுவர் தடித்திருக்கும், சில நேரம் சின்னச் சின்னப் பைகள் தெரியும். வெண்டைக்காய் நறுக்கினால் கத்தியில் ஒட்டுமே, அப்படி ஒரு கொழகொழப்பு.

[காட்சி: மைக்ரோஸ்கோப். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஸ்லைடு]

இங்கேதான் நிதானம் வேண்டும். சுரப்பிகள் அழகாக அமைந்திருக்கும். செல்கள் உயரமாக, சளி நிறைந்து வெளிறியிருக்கும். உட்கருக்கள் அடியில் வரிசையாக இருக்கும். எதுவுமே புற்று மாதிரி தெரியாது. அப்புறம் சுரப்பியின் உருவத்தைக் கவனியுங்கள்: சில சுரப்பிகள் நண்டுக் கொடுக்கு போல வளைந்து கிளை விட்டிருக்கும். சுற்றியுள்ள திசு ஆங்காங்கே இறுகி, நாராகியிருக்கும். அரிதாக ஓரிரு செல்களில் உட்கரு பெருத்து, ஒழுங்கு தப்பியிருக்கும்.

ஆனால் உண்மையில் காட்டிக்கொடுப்பது ஆழம்தான். இயல்பான சுரப்பிகள் பொதுவாக 8 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். இவை அதையும் தாண்டிச் சுவருக்குள் இறங்கும். சில நேரம் தடித்த இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கும். அதனால் மேலாகக் கிள்ளி எடுத்த பயாப்சியில் (திசுச் சோதனையில்) இது தப்பிவிடலாம். கருப்பை வாயின் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இயல்பு என்று வரலாம், எச்.பி.வி. சோதனையும் நெகட்டிவ்தான். எச்.பி.வி. சார்ந்த புற்றைக் காட்டிக்கொடுக்கும் பி16 சாயமும் பெரும்பாலும் ஏறாது. சந்தேகம் இருந்தால் ஆழமாக எடுத்த திசு வேண்டும், கூம்பு வடிவில் வெட்டி எடுத்தால் இன்னும் நல்லது.

பார்க்கச் சாதுவாக இருந்தாலும் இது சினைப்பைக்கும் வயிற்று உறைக்கும் பரவக்கூடியது.

[காட்சி: உதட்டில் கரும்புள்ளிகள், வரைபடம்]

இன்னொன்று. உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கரும்பழுப்புப் புள்ளிகள், குடலில் பாலிப்புகள் என்னும் சதை வளர்ச்சிகள்: இது பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோய், எஸ்.டி.கே.11 மரபணுவின் கோளாறு. இவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே தண்ணீராகப் போகிறது என்று சொல்லும் பெண்ணின் உதட்டையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். அவர் அம்மாவுக்கும் அப்படிப் புள்ளிகள் உண்டா என்று கேளுங்கள்.