70 லட்சம் வண்டியும் அதோட கார்பெட்டும்

வணக்கமுங்க. கூப்பிட்டுப் பேச வெச்ச நிலையத்தாருக்கு மொதல்ல நன்றி. கார் வாங்கறதப் பத்திப் பேசச் சொன்னாங்க, அதுலயும் இந்த நடுத்தர சைஸ் லக்ஷரி எஸ்யூவி. பிஎம்டபிள்யூ எக்ஸ் த்ரீ, பென்ஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ ஃபைவ், வால்வோ எக்ஸ்சி சிக்ஸ்டி, நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் இந்த நாலத்தான் மாத்தி மாத்திப் பாக்கறாங்க. மில்லு, பவுண்டரி, பம்புசெட் கம்பெனி வெச்சிருக்கறவங்க, டாக்டருங்க, இன்னோவாவோ ஃபார்ச்சூனரோ ஓட்டிட்டு அடுத்தது என்னன்னு யோசிக்கறவங்க. இதெல்லாம் நமக்கெதுக்குன்னு ரேடியோவ அணைச்சிராதீங்க, நான் சொல்லப்போறதுல பாதிக்கு மேல ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கறவங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

என் தொழில் என்னன்னா, பழைய வண்டி வாங்கப்போறவங்களுக்கு முன்கூட்டியே போயி வண்டியச் சோதிச்சு, வாங்கலாமா வேண்டாமான்னு சொல்றது. அதனால என்கிட்ட எல்லாரும் கேக்கற மொதல் கேள்வி, புதுசு வாங்கறதா பழசு வாங்கறதா. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், எத்தனை வருஷம் வெச்சிருக்கப் போறீங்க? எட்டு, பத்து வருஷம் வெச்சு ஓட்டறவங்கன்னா புதுசு வாங்குங்க, தாராளமா. மூணு நாலு வருஷத்துல மாத்தற ஆளுன்னா புதுசு பக்கமே போகாதீங்க. ஏன்னு சொல்றேன்.

ஷோரூம் விலை 70 லட்சம்னு வெச்சுக்குவோம், கணக்குக்கு லேசா இருக்கும். தமிழ்நாட்டுல 2023 கடைசில ஆயுள் வரிய, அதாவது ஒரே தடவையாக் கட்டற ரோடு வரிய, ஏத்தினாங்க, 20 லட்சத்துக்கு மேல இருக்கற காருக்கு 20 சதவீதம். அப்ப அதுவே 14 லட்சம். அதுக்கு மேல இன்சூரன்ஸ், அப்பறம் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கறவங்களே முன்கூட்டி வாங்கற வரி, பிடிப்பாங்க, அது வருமான வரில கழிச்சுக்கலாம், போகட்டும். எல்லாஞ் சேந்து ரோட்டுக்கு வரப்ப 85 லட்சத்தத் தாண்டிரும். இப்ப நீங்க மூணு வருஷங் கழிச்சு விக்கப் போறீங்க. அந்த 14 லட்சத்த உங்களுக்கு யாரு திருப்பித் தருவா? யாரும் தர மாட்டாங்க. வண்டியோட விலையும் பாதிக்குப் பக்கத்துல எறங்கியிருக்கும். அந்த எறக்கத்தத் தாங்கினது மொத ஆளு, ரெண்டாவதா வாங்கறவருக்கு அது லாபம். பழைய லக்ஷரி வண்டி வாங்கறதுல இருக்கற நியாயமே இதுதானுங்க, வேற ஒண்ணுமில்ல.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி மாறிருச்சு. முன்ன இந்த மாதிரி எஸ்யூவிக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, மேல 22 சதவீதம் செஸ்ங்கற கூடுதல் வரி, ஆக 50. இப்ப செஸ் இல்ல, மொத்தமா 40. புது வண்டி விலை எறங்கிருச்சு. ஆனா பழைய வண்டி விக்கறவரு, நான் 80 லட்சத்துக்கு வாங்கினேங்கன்னு பழைய கணக்கையேதான் சொல்லுவாரு. அவரு குடுத்த விலை நமக்கு வேண்டாம். இன்னைக்கு அதே வண்டி ஷோரூம்ல என்ன விலை, அதுல இருந்து எறங்கி வாங்கன்னு பேசுங்க.

சரி, பழசுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்ப என்ன பண்றோம், நேரா வண்டியப் போயிப் பாக்கறோம். பெயின்ட் பளபளன்னு இருக்கு, சீட்டு லெதரு, மேல கண்ணாடிக் கூரை, வீட்டுல புள்ளைங்க ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குது. முடிஞ்சுது கதை. அதுக்கப்பறம் நான் என்ன சொன்னாலும் யாருக்கும் காதுல ஏறாது. அதனாலதான் சொல்றேன், வண்டியப் பாக்கறதுக்கு முன்னாடி பேப்பரப் பாருங்க. திரும்பவும் சொல்றேன், மொதல்ல பேப்பரு, அப்பறந்தான் வண்டி.

என்ன பேப்பரு? ஆர்சி, எம்பரிவாகன்ங்கற அரசாங்க ஆப்புல நம்பரப் போட்டா எத்தனாவது ஓனர், பேங்க் கடன் இருக்கா, இன்சூரன்ஸ் எதுவரைக்கும்னு தெரியும். கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி, வண்டிச் சட்டத்துல அடிச்சிருக்கற சேசிஸ் நம்பர வெச்சு எடுக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு சர்வீஸ்லயும் எத்தன கிலோமீட்டர்னு வரிசையா இருக்கும், நடுவுல மீட்டர் பின்னாடி போயிருந்தா அங்கயே மாட்டிக்கும். அப்பறம் பழைய இன்சூரன்ஸ் பாலிசியோட நகல். இத யாருமே கேக்கறதில்ல. அதுல நோ க்ளெய்ம் போனஸ்னு ஒரு வரி இருக்கும். க்ளெய்ம் பண்ணாத ஓனருக்குப் பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி அது, வருஷா வருஷம் 20, 25, 35, 45ன்னு ஏறி 50 சதவீதம் வரைக்கும் போகும். நாலு வருஷம் ஒரே ஓனர் வெச்சிருந்த வண்டில அது சைபர்னு இருந்தா, என்னமோ நடந்திருக்கு. என்னன்னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா வந்துருங்க.

வெளி மாநில வண்டி விலை கம்மியா வரும். டெல்லி வண்டி நெறைய இந்தப்பக்கம் வந்துச்சு, அங்க 10 வருஷத்துக்கு மேல டீசல் வண்டி ஓட்டக் கூடாதுன்னு தடை வந்ததால எட்டு ஒம்பது வருஷ வண்டிய கெடச்ச விலைக்குத் தள்ளிவிட்டாங்க. ஆனா அங்கிருந்து வந்தா அந்த ஊரு ஆர்டிஓகிட்ட ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி வாங்கணும், இங்க ஆர்டிஓல புது நம்பர் போடணும், இங்கத்த ஆயுள் வரிய வண்டி வயசுக்குத் தக்கன தனியாக் கட்டணும். மொத ஆளு கட்டின வரி நமக்கு லாபம்னு சொன்னேனில்லீங்க, அந்த லாபமே இதுல போயிருது. அதனால என் அபிப்பிராயம், டிஎன் நம்பர், ஒரே ஓனர், மூணுல இருந்து நாலு வருஷம். கொஞ்சம் விலை கூடன்னாலும் இதுதான்.

இப்ப நான் நெசமாலுமே சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். தண்ணி. வெள்ளத்துல மூழ்கின வண்டி. 2015 டிசம்பர்ல சென்னை, 2018 ஆகஸ்ட்ல கேரளா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல மறுபடி சென்னை. ஒவ்வொரு தடவையும் பேஸ்மென்ட்டுல நின்ன எத்தனையோ நல்ல வண்டி முங்கிருச்சு. ரிப்பேர் செலவு, இன்சூரன்ஸ்ல போட்ட மதிப்புல 75 சதவீதத்தத் தாண்டினா கம்பெனி டோட்டல் லாஸ்னு பணத்தக் குடுத்துருவாங்க. வண்டி எங்க போகும்? ஏலத்துக்குப் போகும். ஏலத்துல எடுக்கறவரு எல்லாரும் பார்ட்ஸ் கழட்டி விக்கறதுக்கே எடுக்கறதில்லீங்க. கழுவி, காய வெச்சு, பாலிஷ் போட்டு, வேற ஊர்ல விக்கறதுக்கும் எடுக்கறாங்க. சென்னை வண்டி சென்னைல வராது, எர்ணாகுளம் வண்டி எர்ணாகுளத்துல வராது. பாலக்காடு தாண்டினா மொதல்ல வர்ற பெரிய ஊரு எதுங்க? நம்ம ஊருதான்.

கேரளா வெள்ளம் முடிஞ்சு அடுத்த வருஷம், தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க கூப்பிட்டாங்க. ஒரு ஜெர்மன் வண்டி, வெள்ளை, டீசலு, கேரளா நம்பர், கம்மியா ஓடினது, மார்க்கெட் விலைய விட அஞ்சாறு லட்சம் கொறைவு. புரோக்கர் இன்னைக்கே அட்வான்ஸ் வேணும்ங்கறாரு, நாளைக்கு வேற பார்ட்டி வருதாம். சாயங்காலமாப் போனேன். வண்டி அவ்வளவு சுத்தம். அதுதான் எனக்கு மொதல்ல இடிச்சுது, வண்டி அப்படி இருக்காதுங்க, புள்ளைக்குட்டி ஏறின வண்டில ஒரு பிஸ்கட் துணுக்காவது சீட்டு இடுக்குல இருக்கும். கதவத் தொறந்தா சென்ட் வாசனை மூக்கத் துளைக்குது. ஏசிய உள்காத்துல போட்டுக் கண்ணாடி எல்லாம் ஏத்தி உக்காந்தேன், கொஞ்ச நேரத்துல சென்டுக்கு அடியில இருந்து இன்னொரு வாசனை வருது, ஈர மண்ணு வாசனை.

சீட்டு பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்தேன். இத நீங்களே பண்ணலாம், ஒரு கருவியும் வேண்டாம். நாம தெனமும் போடறப்ப பெல்ட்டு பாதிதான் வெளிய வரும், மீதி உள்ள சுருண்டுதான் இருக்கும், கழுவறவங்களும் அந்தப் பாதியத்தான் கழுவுவாங்க. முழுசா இழுத்தா, கடைசி ஒரு ஜாண் பழுப்பாக் கோடு போட்டிருந்துது. புரோக்கர் சொல்றாரு, அது வாட்டர்வாஷ் தண்ணிங்கன்னு. வாட்டர்வாஷ்ல தண்ணி பெல்ட்டுக்குள்ள எப்படிங்க போகும்? அப்பறம் கதவோரம் இருக்கற பிளாஸ்டிக்க நெம்பி, கார்பெட்டத் தூக்கினேன். கார்பெட்டுக்கு அடியில தடிமனா ஒரு ஸ்பாஞ்சு இருக்கும், அது தண்ணியக் குடிச்சா லேசுல காயாது. வண்டல் அப்படியே படிஞ்சிருக்கு. வயரிங் கனெக்டர் ஒண்ணக் கழட்டிப் பாத்தா பச்சைக் களிம்பு பூத்திருக்கு.

வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவாகற கோளாறப் படிக்கற ஸ்கேனர் போட்டேன். ஒரு கோளாறு கூட இல்ல, எல்லாம் பச்சை. புரோக்கருக்கு மொகமெல்லாம் சிரிப்பு. ஆனா அந்த ஸ்கேனர்லயே இன்னொரு பக்கம் இருக்குங்க, வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதா இல்லையான்னு காட்டும். பதிவாயிருந்த கோளாற அழிச்சா அந்தச் சோதனையும் அழிஞ்சிரும், திரும்ப முடியறதுக்குக் கொஞ்சம் தூரம் ஓடணும். இந்த வண்டில எதுவுமே முடியல. அன்னைக்குக் காலைலதான் அழிச்சிருக்காங்கன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. சரி, ஒரு ரவுண்டு போலாம்னு ஸ்கேனர மாட்டினபடியே சூலூர் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பினோம். திரும்பி வர்றப்ப ஒவ்வொண்ணா வருது, சீட்டு சென்சாரு, ஏர்பேக்கு, பார்க்கிங் பிரேக்கு. டாக்டரம்மா பக்கத்து சீட்டுல உக்காந்து அதப் பாத்துட்டே வந்தாங்க, நான் ஒண்ணும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கல.

ஏர்பேக்குன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வர்றது. பணம் போனாக்கூடப் பரவால்ல. ஏர்பேக்கு வெடிக்கணும்னு சொல்ற யூனிட்டு வண்டிக்கு நடுவுல கீழதான் இருக்கும், சீட்டுக்கு அடியில வயரு, சில வண்டில பேட்டரியே டிக்கிக்கு அடியில. தண்ணி முழங்கால் அளவு வந்தாலே எல்லாம் நனைஞ்சிரும். உடனே கெடாது. ஆறு மாசம், ஒரு வருஷங் கழிச்சு அரிக்கும். குடும்பத்தோட நீங்க ஹைவேல போயிட்டிருக்கறப்ப அது வேலை செய்யுமா செய்யாதான்னு யாராலயும் சொல்ல முடியாது. தெரிஞ்சே அந்த வண்டியக் கழுவி விக்கறவங்கள என்னால மன்னிக்க முடியல.

அதனால, பெல்ட்ட முழுசா இழுங்க, கார்பெட்டத் தூக்குங்க, டிக்கில ஸ்டெப்னி குழியத் தொட்டுப் பாருங்க, சீட்டு போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க. தூக்க விட மாட்டேன்னு சொன்னா அந்த வண்டி வேண்டாம். அந்த டாக்டரம்மா அப்பறம் வாங்கினது ஈரோட்டுக்காரரு ஒருத்தரோட வண்டி, அத விட ரெண்டு மடங்கு ஓடினது, விலையும் கூட, ஆனா ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் ஃபைல்ல இருந்துது. ஹைவேல ஓடின கிலோமீட்டர் வண்டியக் கெடுக்காதுங்க, கிலோமீட்டர் கூடன்னு பயப்படாதீங்க.

இந்த மழை விஷயத்துல இன்னொண்ணு, புது வண்டிக்காரங்களுக்கும் சேத்து. நம்ம லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில தண்ணி நிக்கறப்ப, எஸ்யூவிதானேன்னு எறக்கி, நின்னு போனா, மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போயி உடைஞ்சா சாதா இன்சூரன்ஸ்ல பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட்னு தனியாச் சேத்து எடுக்கணும். எடுங்க.

நேரம் ஓடிருச்சு போல, இன்னும் நெறைய இருக்கு. வேகமாச் சொல்றேன். டீசலா பெட்ரோலா? ஆர்.எஸ்.புரத்துல இருந்து காந்திபுரம், ஸ்கூலு, கடைன்னு ஊருக்குள்ளயே ஓட்டறவங்களுக்கு பிஎஸ் 6, அதாவது இப்பத்த புகை விதிக்குத் தக்கன வர்ற டீசல் வண்டி ஒத்து வராது, புகை வெளிய போற வழில இருக்கற பில்டர் கரி அடைச்சுக்கும், அது நல்லா சூடேறி ஓடினாத்தான் எரியும். வாரா வாரம் சென்னை, பெங்களூர்னு ஹைவேல போறவங்க டீசல் வாங்குங்க. ஆடி 2020-ல இருந்து இங்க டீசல் விக்கறதே இல்ல, வால்வோவும் நிறுத்திருச்சு, அப்ப இந்த நாலுல புதுசா டீசல் வேணும்னா பிஎம்டபிள்யூ, பென்ஸ்தான். பழைய பெட்ரோல் வண்டின்னா இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏத்ததான்னு டேங்க் மூடில பாருங்க.

டயருல நாலு நம்பர் இருக்கும், 3221ன்னா 2021-ல 32ஆவது வாரம் செஞ்சது. பழசுன்னா விலைல கழிங்க, பிஎம்டபிள்யூல நெறைய வண்டிக்கு ரன்ஃப்ளாட், காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயரு, நாலும் மாத்தினா ஒரு லட்சத்த எளிதாத் தாண்டும். புதுசு வாங்கறவங்க பெரிய வீலுன்னு ஆசப்படாதீங்க, டயரு பட்டை மெலிசு, நம்ம ரோட்டுக் குழில ஒரு எடி எடிச்சா ஓரத்துல வீங்கிரும். கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொல்லுவாங்க, எக்ஸ் த்ரீக்குக் கியர்பாக்ஸ் செய்யற இசட்எஃப் கம்பெனியே 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்றாங்க, மாத்தியிருக்கான்னு பில்லப் பாருங்க.

அப்பறம் வயசானவங்கள, முட்டி வலி இருக்கறவங்கள ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவங்க ஏறி எறங்கிப் பாக்கட்டும். பின்சீட்டு நடுவுலயும் ஒருத்தர உக்கார வெச்சுப் பாருங்க, எக்ஸ் த்ரீ, ஜிஎல்சி ரெண்டுலயும் கால் வெக்கற எடத்துல நடுவுல பெரிய மேடு இருக்கும். இதப் பத்தி இன்னும் சொல்லணும்னு குறிச்சு வெச்சிருந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டறாங்க.

கடைசியா, வாங்கற அன்னைக்கே பேரு மாத்தற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்குங்க, கடன் இருந்திருந்தா அத ஆர்சில இருந்து எடுக்கற ஃபார்ம் 35-ம் பேங்க் என்ஓசியும், பாக்கி அபராதம் எதாச்சும் இருக்கான்னு இ-சலான்ல பாத்துக்குங்க, பழைய ஃபாஸ்டேக்க அவரையே மூடச் சொல்லுங்க, ரெண்டாவது சாவியக் கையில வாங்காம பணத்த அனுப்பாதீங்க. நன்றிங்க, வணக்கம்.