விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் ரப்பரும் தென்னையுமாகக் காலம் தள்ளுகிறவன் நான். சண்டை நடக்கிற இடத்தில் வீரர்களின் மூளைக்காயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பட்டாளக்காரர் வீடு இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் குறைவு. ஆகவே கேட்கிறவர்களில் பலருக்கு இது வீட்டு விஷயம்தான்.

குண்டு பாய்ந்த காயத்தை யாரும் தேட வேண்டாம், ரத்தமே காட்டிக்கொடுத்துவிடும். வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றவன், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறானே, அவனிடம்தான் கஷ்டம். காய்ந்த தேங்காயைக் குலுக்கினால் சிரட்டைக்குள் பருப்பு ஆடும் இல்லையா, அந்த மாதிரி வெடி அதிர்ச்சியில் மண்டைக்குள் மூளை ஒரு குலுங்கு குலுங்கிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்கேன் எடுத்தாலும் பல பேருக்கு அதில் ஒன்றும் தெரியாது.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1915-லேயே சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்று இதைப் பற்றி எழுதினார். அடிபட்டது மூளையா, மனசா, இல்லை ஆள் பயந்துவிட்டானா என்கிற வாக்குவாதம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2020 ஜனவரி 8-ஆம் தேதி ஈராக்கில் அல் அசாத் விமானதளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. அமெரிக்க வீரர் யாருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அப்புறம் மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை வாரா வாரம் ஏறி, கடைசியில் நூறைத் தாண்டியது. அவ்வளவு வசதி உள்ள படைக்கே இந்த நிலை.

காரணம் எளிது. "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டால் எந்தப் பட்டாளக்காரனும் "டீக் ஹை, சாப்", நன்றாக இருக்கிறேன் ஐயா, என்றுதான் சொல்லுவான். கூட்டாளிகளை விட்டுவிட்டுப் பின்னால் போக அவனுக்கு மனசு வராது. அதைவிட முக்கியம், தனக்கு என்ன ஆச்சு என்று எடை போட வேண்டிய மூளைதான் அடிபட்டிருக்கிறது. அதனிடமே போய்ச் சாட்சி கேட்டு என்ன பயன்? அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, நமக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

2006-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 'மேஸ்' என்று ஒரு சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் சாரம் இதுதான். வெடிக்கும்போது எங்கே நின்றாய், நினைவு தப்பியதா, அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன ஞாபகம் இருக்கிறது என்று முதலில் விசாரிப்பது. பக்கத்தில் நின்றவனையும் தனியாக விசாரிப்பது. அப்புறம் ஐந்து சொற்கள்: வள்ளம், மிளகு, கதவு, குடை, மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுவார்கள். பிறகு டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுவார்கள். நல்ல மூளைக்கே அது கொஞ்சம் இழுக்கும். அதன் பிறகு, அந்த ஐந்து சொல் என்ன என்று மறுபடி கேட்பார்கள். "வள்ளம்... கதவு..." என்று சொல்லி ஒருவன் விழித்தால், அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போகிற ஆள் இல்லை. பையன்கள் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள் என்பதால் சொற்பட்டியல்கள் பல வைத்திருக்கிறார்கள். பட்டாளம் எங்கே இருந்தாலும் பட்டாளம்தான்!

இதில் ஏமாறுகிற இடங்களும் உண்டு. கேள்விக்கு ஒருவன் பதில் சொல்லாமல் நின்றால் மூளை கலங்கிவிட்டது என்று நினைப்போம். வெடியில் செவிப்பறை கிழிந்து, நாம் கேட்டதே அவன் காதில் விழாமல் இருந்திருக்கலாம். அப்போது எழுதிக் காட்டிக் கேட்க வேண்டும். வலிக்கு மார்ஃபின் போட்டிருந்தால் கண்பாவை சுருங்கிவிடும், தூக்கமும் வரும். டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் மருந்து கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதுவது. நம் படைக்கு இன்னொரு தொல்லை உண்டு: உயரம். சியாச்சின், லடாக் மாதிரி இடங்களில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் மலை ஏறினாலே வரும். அது உயர நோயா, வெடி அதிர்ச்சியா என்பதை அறிகுறியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எப்போது தொடங்கியது என்று கேட்டால்தான் பிடி கிடைக்கும். எதுவாக இருந்தாலும் ஆக்ஸிஜன் குறையவும் விடக்கூடாது, ரத்த அழுத்தம் இறங்கவும் விடக்கூடாது. அடிபட்ட மூளைக்கு அவை இரண்டும் இரண்டாவது அடி.

கருவிகளும் வந்திருக்கின்றன. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பார்க்கிற கையடக்கக் கருவி இருக்கிறது. அடிபட்ட மூளையிலிருந்து ரத்தத்தில் கலக்கிற இரண்டு புரதங்களைக் காட்டும் சோதனைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024-இல் அனுமதி பெற்ற சிறிய கருவி, கால் மணி நேரத்தில் முடிவு சொல்கிறது. ஹெல்மெட்டிலும் தோளிலும் மார்பிலும் மாட்டி, வெடியின் அழுத்தத்தைப் பதிவு செய்கிற கருவியும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது, 2010-இல் அமெரிக்கப் படை கொண்டுவந்த ஒரு விதி. வெடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் நின்றவன், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, பரிசோதனைக்கு வர வேண்டும், 24 மணி நேரம் ஓய்வில் இருக்க வேண்டும். அவன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் பாதிப்பு பல மடங்கு என்பதால்தான் அந்தக் கண்டிப்பு.

இதெல்லாம் போர்முனைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென்னையிலிருந்து விழுந்தவர், மார்த்தாண்டம் ரோட்டில் பைக்கிலிருந்து சறுக்கியவர், குவாரியில் வெடி வைக்கும்போது பக்கத்தில் நின்றவர், எல்லாருக்கும் இது பொருந்தும். சிலர் விழுந்து எழுந்து, நன்றாகப் பேசி, சாயா குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, ஒரு கண்பாவை பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள். "தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்" என்று வைத்திருக்க வேண்டாம்.

லீவில் வந்திருக்கிற பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கிறான், சும்மா சும்மா எரிந்துவிழுகிறான், கடைக்குப் போய்விட்டு எதற்கு வந்தேன் என்று நிற்கிறான் என்றால், "பட்டாளத்துக்குப் போய் ஆளே மாறிட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஏதாவது வெடித்ததா, எந்தத் தேதி, எவ்வளவு தூரத்தில் என்று அம்மாவோ மனைவியோ மெதுவாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனைக்குப் போகலாம். ஓய்வு பெற்றவர் என்றால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக் இருக்கிறது. டாக்டர் முன்னால் அவனே "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லுவான். அப்போது அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வையுங்கள். வணக்கம்.