பேப்பர்காரன் ஓரவஞ்சனையா? முதல்ல டேப்பை எடுங்க!

வணக்கம் மக்களே! அந்த கட்டிங் படம் போன் போனா சுத்துது, பாத்திருப்பிய. "எங்க வேட்பாளருக்குப் பொட்டிச் செய்தி, எதிராளிக்கு அரைப் பக்கம், பேப்பர்காரன் விலை போயிட்டான்"னு. எனக்கு அப்படி எரிச்சல் வருது! ஓரவஞ்சனை நடக்கத்தான் செய்யுது. 2016-ல ராதாபுரத்துல வெறும் 49 ஓட்டுல முடிவு வந்துது. அப்படிப்பட்ட ஊர்ல பேப்பர் ஒரு பக்கம் சாஞ்சா சும்மா விடக்கூடாது. ஆனா இப்படியா காட்டுதது? தேதி இல்ல, பக்க எண் இல்ல, எந்தப் பதிப்புன்னும் இல்ல.

பதிப்புதான் மொதல்ல. நாங்குநேரி செய்தி நெல்லைப் பதிப்புல மூணு காலத்துக்கு, அதாவது மூணு பத்தி அகலத்துக்கு வரும், அதே பேப்பர் மதுரைப் பதிப்புல ஒரு வரி இருக்காது. மதுரைப் பக்கத்தைக் காட்டி "மறைச்சிட்டான்"னா எடுபடாது.

இனி அளவு. எதையும் அளக்காம நான் பேச மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். 30 சென்டிமீட்டர் ஸ்கேல் பெரிய பேப்பருக்கு எட்டாது, ரெண்டு தடவை வச்சா நடுவுல நழுவும். தையக்கார டேப் வாங்குங்க. இந்தா, இருபது ரூவா, 150 சென்டிமீட்டர். ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். மாத்தி வச்சா கணக்கு ரெண்டரை மடங்கு கெட்டுப்போவும், அதனால இஞ்சுப் பக்கத்துல கோடு போட்டு அடிச்சிருங்க. நுனித் தகரம் ஆடுச்சுன்னா 10-லேருந்து அளந்து, பத்தைக் கழிங்க. இந்த டேப் அவ்வளவு பிரயோசனம்!

செய்தி எத்தனை காலம் அகலமோ, அதை உயரத்தால பெருக்குங்க. மூணு காலம், உயரம் 12ன்னா 36. படத்துக்குத் தனிக் கணக்கு, முதல் பக்கத்துக்குத் தனிக் கணக்கு. ஈ-பேப்பர்ல அளக்காதிய, திரையைப் பெருசாக்கினா அளவும் மாறும். ஒரு நாள் பேப்பரும் போதாது. கட்சித் தலைவர் வந்து பேசுன மறுநாள் அவருக்குத்தான் அரைப் பக்கம் வரும். ரெண்டு வாரமாவது பாருங்க.

தலைப்பையும் எழுதி வைங்க. ஒருத்தர் பேசுனா "உறுதி", இன்னொருத்தர் பேசுனா "புலம்பல்"னு தொடர்ந்து வந்தா, அது சென்டிமீட்டரை விட பெரிய சாட்சி.

ஆங், ஒண்ணு விட்டுப்போச்சு. மூலையில பொடி எழுத்துல "விளம்பரம்"னு இருந்தா அதைச் செய்திக் கணக்குல சேக்காதிய.

விளம்பரம்னு போடாம, போட்டிப் பேப்பர் ரெண்டுலயும் ஒரே படம், ஒரே தலைப்பு, எழுத்து மாறாத ஒரே புகழ்ச்சின்னா அது வேற சங்கதி. காசு வாங்கிப் போட்ட செய்தியா இருக்கலாம். பேப்பர்காரங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சில் 2010-லயே இதைப்பத்தி அறிக்கை குடுத்திருக்கு. புகாரை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துல இருக்க ஊடகக் கண்காணிப்புக் குழுவுக்குக் குடுங்க. 96 மணி நேரத்துக்குள்ள தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் குடுக்கணும். 48 மணி நேரத்துல அவரு பதில் சொல்லலன்னா குழு சொன்னதுதான் முடிவு. அதை விளம்பர விலைக்குப் போட்டு அவரு செலவுக் கணக்குல ஏத்துவாவ. சட்டமன்றத்துக்கு உச்சவரம்பே 40 லட்சம்தான். உத்தரப்பிரதேசத்துல உம்லேஷ் யாதவ்ங்கிற எம்.எல்.ஏ., இந்தச் செலவைக் கணக்குல காட்டாததால 2011-ல 3 வருசத்துக்குத் தகுதி இழந்தாவ.

காசு வாங்கல, சாய்வு மட்டும்தான்னா மொதல்ல ஆசிரியருக்கு எழுதுங்க. சரியான பதில் வரலன்னா பிரஸ் கவுன்சில். தினசரின்னா செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள போவணும், முழுப் பக்கத்தோட, வெட்டாம. டிவிச் செய்தி அங்க எடுபடாது. ஒளிபரப்புன ஏழு நாளுக்குள்ள சேனலுக்கே எழுதணும், தேதியும் நேரமும் நிகழ்ச்சிப் பேரும் போட்டு.