அன்று மாலை சனி எந்த ராசியில் இருந்தார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஜாதகம் கணிக்க ஏற்றது வாக்கியமா, திருக்கணிதமா?’ என்பது தலைப்பு. பழைய வாய்பாட்டு வாக்கியங்களை வைத்துக் கிரக நிலையைக் கணிப்பது வாக்கியம், வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு திருக்கணிதம். நான் திருக்கணிதத்தின் பக்கம். எதிரணி ஐயா மூன்று வெடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாக்கியம் ரிஷிகளின் வாக்கு. திருக்கணிதம் வெள்ளைக்காரன் கணக்கு. திருநள்ளாறே வாக்கியத்தின் பக்கம். சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஜோதிடம் பலிக்குமா என்பது வேறு பட்டிமன்றம். அதற்கும் கூப்பிடுங்கள், வருகிறேன், எந்த அணியில் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

வாக்கியத்தைப் பழிக்க நான் வரவில்லை. வரருசியின் பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. கடபயாதி முறையில் எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை) என்று வரும், சந்திரனின் முதல் நாள் நடை. இப்படிப்பட்ட வாய்பாடுகளை மனப்பாடமாக வைத்திருந்த ஒருவர், 1825இல் புதுச்சேரியில் தரையில் சோழிகளை அடுக்கியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். அந்த மூளையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கிரகணத்தின் நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. அவர் கூட்டியதும் கழித்ததும் சரி. கையில் இருந்த வாய்பாடு அவ்வளவுதான் தாங்கும்.

சரி, திருக்கணிதம் வெள்ளைக்காரன் கணக்கா? கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் இருந்த வானியல் அறிஞர் பரமேசுவரர், கிரகணங்களைப் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்தார். அதுவரை வழங்கிய பரஹிதக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் ‘த்ருக்கணிதம்’ என்ற பெயரிலேயே நூல் எழுதினார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது அதற்கு 67 ஆண்டுகள் கழித்து! அப்புறம் நம்ம சென்னையில், நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறு விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரும் அவரேதான். பார்த்துத் திருத்துவது இங்கே காலங்காலமாக நடந்த வேலை ஐயா.

இப்போது 2020 டிசம்பர் 21க்கு வருவோம். அன்று மாலை மேற்கு வானில் குருவும் சனியும் ஒட்டி நின்றார்கள். இடைவெளி சுமார் 6 கலை, அதாவது முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நெருங்கியது 1623க்குப் பிறகு அன்றுதான். பார்க்க டெலஸ்கோப் வேண்டாம், மொட்டைமாடி போதும்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்ன சொன்னது? குரு நவம்பர் 15ஆம் தேதியே மகரத்துக்குப் போய்விட்டார். சனி டிசம்பர் 27 அன்றுதான் போவார். அப்படியானால் 21ஆம் தேதி குரு மகரத்தில், சனி தனுசில்! அன்று பிறந்த குழந்தைக்கு எங்கள் கட்டத்தில் குரு சனி சேர்க்கை, உங்கள் கட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. கண்ணுக்கு எதிரே ஒட்டி நிற்பவர்களை ஏட்டில் பிரித்து வைத்துவிட்டுப் பலன் சொன்னால், அந்தப் பலன் யாருக்கு?

சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு. சுற்றுக்குக் கொஞ்சம் பிசகினாலும் நூற்றாண்டுகளில் அது குவிந்துவிடும். 2023இல் திருக்கணிதப்படி சனி ஜனவரி 17 அன்றே கும்பத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாற்றில் வாக்கியப்படி பெயர்ச்சி விழா டிசம்பர் 20 அன்று நடந்தது. அதற்குள் வானத்துச் சனி கும்பத்தில் 8 பாகை நடந்திருந்தார். கோயில் எந்த நாளில் விழா எடுக்கிறது என்பது கோயில் மரபு, அதில் கைவைக்க நான் யார்? நளதீர்த்தத்தில் டிசம்பரில் குளித்தாலும் புண்ணியம்தான். ஆனால் இங்கே கேள்வி ஜாதகக் கட்டத்தைப் பற்றியது.

‘லாகிரி, ராமன், கிருஷ்ணமூர்த்தி என்று உங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு அயனாம்சம்’ என்று எதிரணியில் அடுத்து வரும் அம்மா கேட்பார். ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கான திருத்தம்தான் அயனாம்சம். உண்மைதான். மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955 அறிக்கையில் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தும் சண்டை ஓயவில்லை. ஆனால் அயனாம்சம் மாறினால் எல்லாக் கிரகங்களும் ஒரே அளவுதான் நகரும், இரண்டு கிரகங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. யாருடைய அயனாம்சத்தைப் போட்டாலும் அன்று மாலை குருவும் சனியும் ஒட்டித்தான் நிற்பார்கள்.

இன்னொன்று. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவற்றில் கிரகண நேரம் மட்டும் திருக்கணிதப்படி இருக்கிறதே, கவனித்தீர்களா? கிரகணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கும், தப்பினால் மானம் போய்விடும். சனி 8 பாகை தள்ளி நிற்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்! கிரகணத்துக்குத் திருக்கணிதத்திடம் வந்தவர்கள், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் பார்க்க மட்டும் ஏன் வரவில்லை? அம்மா அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வணக்கம்.