நிழல் அசையாமல் நின்றபோது

வணக்கம். கேத் லேப், அதாவது ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறையின் நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் பயிற்சி டாக்டர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் இன்று வெற்றிக் கதை வேண்டாம்.

ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய். அதற்கு அப்ளேஷன், அதாவது கோளாறான துடிப்பைத் தடுக்க உள்ளே சூடு வைக்கும் சிகிச்சை, செய்யும்போது இதயத்தின் நடுச்சுவரை ஊசியால் துளைத்து இடது மேலறைக்குள் போகிறோம். அந்த அறையின் சுவர் சில மில்லிமீட்டர்தான். ரத்தம் கட்டிவிடக் கூடாதென்று ஹெப்பாரினும் கொடுத்திருப்போம். அந்த நேரம் பார்த்து ஓட்டை விழுந்தால் ரத்தம் இதய உறைக்குள் கசியும். உறை சட்டென்று விரிந்து கொடுக்காது. 100, 200 மில்லி வேகமாகச் சேர்ந்தாலே இதயம் நெரிபடும்.

எனக்கு ஒருமுறை அதை முதலில் சொன்னது மானிட்டர் இல்லை, டெக்னீஷியன். "சார், பார்டர் அசையலையே" என்றார். எக்ஸ்ரே திரையில் இதய நிழலின் இடது ஓரம் துடிப்பில்லாமல் நின்றது. பிபி அப்போதும் இறங்கவில்லை! எக்கோ வைத்தால் ரத்தம். ஹெப்பாரினை நிறுத்தி, அதை முறிக்கும் புரோட்டமின் கொடுத்து, நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி ரத்தத்தை வெளியே இழுத்தோம். அதற்கான தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டோரில் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்தபோது யார் தப்பு என்று கேட்கவில்லை. பதிவை ஓட்டிப் பார்த்தோம். டெக்னீஷியன் சொல்வதற்குச் சில நிமிடம் முன்பே நிழல் நின்றிருந்தது. நான்தான் மேப்பையே, அதாவது திரையில் தெரியும் இதயத்தின் மின் வரைபடத்தையே, பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் துறையே இப்படித்தான் படித்தது. 1998இல் பிரான்ஸின் போர்டோவில் இதய மருத்துவர் ஹைசாகேரின் குழு, இடது மேலறைக்குள் வந்து சேரும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்பும் துடிப்புகளே பெரும்பாலும் இந்த நோயைத் தூண்டுகின்றன என்று காட்டியது. ஆரம்பத்தில் சிரைக்குள்ளேயே சூடு வைத்தார்கள். பிற்பாடு சிலருக்குச் சிரை சுருங்கி மூச்சுத் திணறல் வந்தது. மறைக்காமல் எழுதினார்கள், சூடு வைக்கும் இடம் சிரையின் வாய்க்கு வெளியே நகர்ந்தது.

இன்னொரு சிக்கல், அபூர்வம்தான், ஆனால் வீட்டுக்குப் போன பிறகு வருவது. இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய். சூடு அங்கே எட்டினால் சில வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். காய்ச்சல், விழுங்கும்போது வலி, சிலருக்குப் பக்கவாதம். உள்ளூர் டாக்டர் நல்லெண்ணத்தில் எண்டோஸ்கோப்பி செய்வார். அதில் ஊதும் காற்று துளை வழியே இதயத்துக்குப் போய் மூளைக்கு ஏறிவிடும். முதலில் எடுக்க வேண்டியது சிடி ஸ்கேன்.

ஆகவே எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் எழுதித் தருகிறோம்: "இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டாம்." கூட வந்தவரை அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.