பட்டை என்றால் எந்தப் பட்டை?

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேசைமேல் இருக்கும் இந்த இலைக்கொத்து கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நண்பரின் தோட்டத்திலிருந்து நேற்று வந்தது. இலவங்கப்பட்டை மரத்து இலை. முன்வரிசை அக்கா, ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். என்ன வாசனை? கிராம்பா? சரியாகச் சொன்னீர்கள்.

அது யூஜினால் என்ற பொருளின் வாசனை. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். பல்வலிக்குக் கிராம்பை வைத்தால் ஈறு மரத்துப்போவதும் அதனால்தான். இந்த இலையைக் காய்ச்சி வடித்தாலும் யூஜினால்தான் மிகுதியாக வரும். அதே மரத்தின் பட்டையை வடித்தால் வருவது சின்னமால்டிஹைடு, பட்டைக்கு வாசனை தரும் பொருள். 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் பிரித்தெடுத்தது அதைத்தான். வேர்ப்பட்டையை வடித்தாலோ கற்பூரம் வருகிறது. ஒரே மரம்தான். இலவங்கம் என்ற சொல்லை நாம் கிராம்புக்கும் சொல்கிறோம், இந்தப் பட்டைக்கும் சொல்கிறோம். மூக்கை நம்பி வைத்த பெயராக இருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

ஆகவே ஒரு மூலிகை நல்லது என்று யாராவது சொன்னால், எந்தப் பாகம் என்று முதலில் கேளுங்கள். அடுத்து, எந்த இனம் என்று கேளுங்கள். நான் இன்று வந்ததே இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

இதோ இரண்டு பட்டைகள். இது இலங்கைப் பட்டை. அங்குள்ள தமிழர்கள் கறுவா என்பார்கள். தென்னிலங்கையில் காலி, மாத்தறை ஊர்ப்பக்கம் இளங்கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உட்பட்டையை நெகிழ்த்தி உரிப்பார்கள். அந்த மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உலர்த்துவார்கள். சுருட்டு போலப் பல அடுக்கு தெரிகிறது பாருங்கள். விரலால் அழுத்தினாலே நொறுங்குகிறது. மற்றது கேசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. தடித்த ஒரே அடுக்கு, மரக்கட்டை போல் இறுக்கம். கையால் உடைக்க எனக்கு முடியவில்லை. மளிகைக்கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இந்தக் கேசியாதான். இந்திய உணவுத் தர விதிகள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே வைத்திருக்கின்றன. கடை டப்பாவில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான்.

இரண்டிலும் சின்னமால்டிஹைடு உண்டு. வேறுபாடு கூமரின் என்ற பொருளில். இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். கேசியாத் தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 3 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. கூமரின் சிலருடைய கல்லீரலைக் கெடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம்வரை போகலாம் என்பது ஐரோப்பிய வரம்பு. அறுபது கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம், அதாவது இரண்டு கிராம் கேசியாத் தூள். ஒரு தேக்கரண்டி எடுத்தாலே அதைத் தாண்டிவிடும்.

பிரியாணிக்குப் போடும் துண்டுக்குப் பயப்பட வேண்டாம். எனக்குக் கவலை தருவது தினம் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் தூள். என் அத்தை சுகருக்கென்று மாதக்கணக்கில் ஒரு கரண்டி குடித்துவந்தார். "எந்தப் பட்டை அத்தை?" என்றேன். "பட்டைன்னா பட்டைதான், அதுல என்ன எந்தப் பட்டை?" என்றார். அவர்மேல் என்ன குற்றம்? யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பட்டை சுகரைக் குறைக்கும் என்ற பேச்சு ஆதாரமே இல்லாமல் வந்ததல்ல. 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளில் பாதிப் பேருக்கு நாளுக்கு 1, 3, 6 கிராம் என்றும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பட்டை சாப்பிட்டவர்களுக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. கொடுத்தது கேசியா. ஆனால் 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பத்து ஆய்வுகளை, 577 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, நீரிழிவுக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று முடித்தது. இன்னொன்றும் பாருங்கள். அந்த ஆய்வை நம்பிக் கேசியாவைத் தினமும் ஆறு கிராம் சாப்பிட்டால் அறுபது கிலோ ஆளுக்குக் கூமரின் அந்த வரம்பைப்போல் மூன்று மடங்காகிவிடும். கூமரினுக்குப் பயந்து இலங்கைப் பட்டைக்கு மாறினாலோ, அந்த ஆய்வில் கொடுத்த பட்டை அதுவல்ல.

மூலிகையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பட்டையும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. தூளாக வாங்காமல் முழுப் பட்டையாக வாங்குங்கள். தூளான பிறகு கண்ணால் பார்த்து எனக்கே சொல்லத் தெரியாது. தினமும் குடிக்கிறவர்கள், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், அந்த டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அத்தையிடம் நான் கேட்டுக்கொண்டதும் இவ்வளவுதான், டப்பாவோடு போய்வந்தார்.

இலையும் பட்டையும் இப்போது வரிசையாக வரும். குழந்தைகள் முதலில் இலையைக் கசக்கட்டும். உடைக்க முடியாத பட்டை யார் கைக்கு வருகிறதோ அவர்கள் கையை உயர்த்துங்கள்.